தேசம்மாவை முன்னால் நிறுத்தினோம்

மற்ற படிப்புக்காரர்களுக்கு வேலைக்குப் போன பிறகுதான் வெயில், எங்களுக்குப் படிக்கும்போதே வெயில்.

சமூகப் பணிப் படிப்பு, எம்.எஸ்.டபிள்யூ. என்று மூன்றெழுத்தில் சொல்லிவிடலாம். அதற்குள்ளே சமுதாயத்தை அமைப்பாக்குதல், மக்களுக்காகக் குரல் கொடுத்தல் என்றெல்லாம் பேப்பர்கள் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், ஒரு இடத்துக்குப் போக வேண்டும், அங்கே இருக்கிற ஜனங்களை ஒன்று சேர்க்க வேண்டும், அவர்களுக்கு வேண்டியதை அவர்களே போய்க் கேட்கிற மாதிரி செய்ய வேண்டும். வாரத்தில் பாதி நாள் வகுப்பு கிடையாது, பீல்டு ஒர்க். இதைப் படித்து, தோல் கறுத்து, செருப்பு தேய்ந்து, "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று யாராவது கேட்டால் வீட்டாரைத் திருதிருவென்று முழிக்க வைத்த என் கூட்டாளிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் "நல்ல காரியம்தானே செஞ்சிருக்கீங்க" என்பார்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆள் கூட்டுகிற படிப்பு

அப்பாவுக்கு யானைக்கவுனியில் மொத்தக் கடை. வத்தல், மல்லி, புளி. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்தவர். மெட்ராசில் தலை நரைத்த பிறகும் பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சுதான். நான் பி.காம். முடித்ததும் சி.ஏ.வுக்குச் சேருவேன், கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்வேன் என்று கணக்குப் போட்டிருந்தார். நான் இதில் போய்ச் சேர்ந்தேன். திட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் படிப்பின் பெயரைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டே இருந்தார்.

முதல் செமஸ்டர் நடக்கும்போது ஒரு நாள் பீல்டு ஒர்க் முடித்து நேராகக் கடைக்குப் போனேன். முகமெல்லாம் புழுதி, துப்பட்டாவில் மீன் வாசனை. சரக்கு எடுக்க வந்திருந்த ஒரு பழைய வாடிக்கையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். இனி தப்பிக்க முடியாது. அப்பா புளி மூட்டையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: "ஆளு கூட்டுத படிப்பாம் அண்ணாச்சி. கட்சியெல்லாம் கெடையாதாம், சும்மாவே கூட்டுவாளாம்."

வட்டமாக உட்காருங்கள்

எங்களுக்குக் கொடுத்த இடம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பஸ் ஸ்டாப். அதை ஒட்டி வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து மீன் விற்பார்கள். விடியற்காலையில் காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன் எடுத்து, மதியத்துக்கு மேல் இங்கே கடை விரிப்பார்கள். கம்பெனிகளில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்தான் வாடிக்கை. என்னோடு வந்த வகுப்புத் தோழன் ஜெரால்டு, ராயபுரத்துப் பையன். அவன் பேசினால் அவர்கள் சிரிப்பார்கள். நான் பேசினால் "இன்னா சொல்லுது இந்தப் பொண்ணு?" என்று அவனிடம் கேட்பார்கள். அவர்களுடைய குறை முதல் நாளே தெரிந்துவிட்டது. மேற்கு வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும். கம்பெனி ஆட்கள் இறங்குவதற்குள் ஐஸ் கரைந்து, மீனுக்குக் கண் வெளுத்துவிடும். அப்புறம் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். தலைக்கு மேல் நிழல் வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டம் போடும்போது எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. வட்டத்தில் முதல் ஆள், கடைசி ஆள் கிடையாதாம். ஆனால் அந்த வரிசை லேசுப்பட்டதில்லை. யாருக்கு எந்த இடம் என்பது மாமியார் காலத்திலிருந்து வருவது. பஸ் கதவு திறக்கிற இடத்தில் குணசுந்தரி அக்கா, எல்லோருக்கும் குணா. வால் பக்கம், சாக்கடை மூடியை ஒட்டி, தேசம்மா அக்கா. நாங்கள் கெஞ்சிக் கூத்தாடி வட்டமாக உட்கார வைத்தோம். வரிசை கலைந்து, பாதிப் பேர் ரோட்டுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தார்கள். ஒரு பஸ் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. ஒரு மீன்கூட விற்கவில்லை. குணா அக்கா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். "முதுக பாத்து எவன் மீனு வாங்குவான் கண்ணு?"

லீடர் கிடைத்தாயிற்று

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஜனங்களுக்குள்ளேயே ஒரு தலைவரைக் கண்டுபிடித்து முன்னால் நிறுத்த வேண்டும். நாம் பின்னால் நிற்க வேண்டும். போட்டோவில்கூட நம் தலை தெரியக் கூடாது. "லீடர் கிடைச்சாங்களா?" என்று எங்கள் மேடம் வாராவாரம் கேட்பார். நாங்களும் வேலைக்கு ஆள் தேடுகிற மாதிரி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு திரிந்தோம்.

ஒரு டிரைவர் தினமும் பஸ்ஸை ஸ்டாப் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவார். இறங்குகிறவர்கள் அப்படியே நடையைக் கட்டிவிடுவார்கள். ஒரு நாள் தேசம்மா அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். கத்தவில்லை. டிரைவரின் பெயர், ஊர், பிள்ளைகள் எல்லாம் விசாரித்தார். கடைசியில், "நீ அம்மாந்தூரம் போய் நிறுத்துனா எம் புள்ளைங்களுக்கு யாரு நைனா சோறு போடறது?" என்று கேட்டார். மறுநாளிலிருந்து பஸ் சரியான இடத்தில் நின்றது. ஜெரால்டு அங்கிருந்தே போனை எடுத்து, "மேடம், லீடரு சிக்கிட்டாங்க" என்றான்.

தேசம்மா அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. என் வாய் கெட்ட வாய், குணாதான் படித்தவள், அவளை நிற்க வையுங்கள் என்றார். குணா அக்காவோ, "நீதாண்டி போவணும்" என்று அவர் முதுகைப் பிடித்துத் தள்ளினார். இரண்டு பேரும் ஒரே சந்தில் பிறந்து வளர்ந்த தோஸ்துகள். காசிமேட்டிலிருந்து இரண்டு கூடையும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் வரும். நாங்கள் விடவில்லை. போகும்போது வரும்போதெல்லாம் நச்சரித்தோம். "நாங்க கூடவே இருப்போம்க்கா" என்று நான்தான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் ஒரு சங்கரா மீனின் செதிளைச் சுரண்டியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்கு ஏடாகூடமா ஒண்ணு ஆச்சின்னா நீ காலேஜுக்குப் பூடுவ. நான் இவளுங்க மூஞ்சிலதான முழிக்கணும்?"

ஆபீசர் ஜெரால்டு

நிழல் கேட்டுக் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதும் எங்கள் பாடத்தில் உண்டு. ஜெரால்டு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். என் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டான். காதில் போன். எதிரே நிற்கிறவர்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இன்னாம்மா கும்பலா வந்துகீறீங்க? யாரு உள்ள வுட்டது?" என்றான். விலைக்குச் சண்டை போட்டுத் தொண்டை கட்டிய பெண்கள் எல்லாம் வாயடைத்துப் போனார்கள்.

தேசம்மா அக்காவுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்தோம். முதலில் பெயர். அடுத்து குறை. கடைசியில் என்ன வேண்டும் என்பது. நடுவில் அழக் கூடாது, திட்டக் கூடாது. மீன் ஆய்ந்துகொண்டே அதை முணுமுணுத்துப் பழகினார். வாடிக்கையாளர் நெத்திலி விலை கேட்டால் பாதி நேரம் "எம் பேரு தேசம்மா" என்று ஆரம்பிப்பார். ஒரு நாள் அவர் பேசி முடித்ததும் ஜெரால்டு தன்னையறியாமல் ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அவனுக்கு அங்கே ஆபீசர் என்றே பெயர். தேசம்மா அக்கா என் கண்ணாடியை அவன் மூக்கிலிருந்து கழற்றி என்னிடம் கொடுத்தார். "டேய், நெஜ ஆபீசரு கூட இம்மாந் திமிரா குந்த மாட்டாண்டா."

நல்ல மனுஷன்

அவர் சொன்னது உண்மைதான். நிஜ ஆபீசர் எல்லோரையும் உட்கார வைத்தார், டீ வரவழைத்தார். தேசம்மா அக்கா பெயரைச் சொன்னார், குறையைச் சொன்னார், "எங்க தலைக்கு மேல ஒரு நெழலு வோணும் சார்" என்று முடித்தார். குரல் நடுங்கவே இல்லை. ஆபீசர் பேனாவை மூடி வைத்தார். ஒரு தார்ப்பாய் ஷெட் போட்டு என்னம்மா ஆகப் போகிறது, ஒரு நல்ல மார்க்கெட்டே கட்டிவிடலாம், டைல்ஸ், குழாய், லைட் எல்லாம் வைத்து என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குணா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவை ஜனங்கள்தான் எடுக்க வேண்டும் என்று நாங்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்ததால், தேசம்மா அக்கா அங்கேயே திரும்பி, "இன்னா சொல்றீங்க?" என்று கேட்டார். எல்லாக் கையும் தூக்கியாயிற்று.

ஜெரால்டும் நானும் பீரோவை ஒட்டிப் பின்னால் நின்றோம். வாயைத் திறக்கவில்லை. எங்கே கட்டப் போகிறார்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த நல்ல மனுஷனும் சொல்லவில்லை. எங்கள் எல்லோர் மனசிலும் அது பஸ் ஸ்டாப்பிலேயே எழும்பி நின்றுவிட்டது. மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது, தேசம்மா அக்கா நட்ட நடுவில். அன்று நாங்கள் கிளம்பும்போது ஆபீசர் எழுந்து வந்து வாசல் வரைக்கும் வழியனுப்பினார். "இவ்ளோ முறையா வந்து கேட்டா எப்படிம்மா இல்லன்னு சொல்றது?"

டாட்டா காட்டும் வாரம்

ஜனங்களிடமிருந்து எப்படி விலகி வருவது என்பதற்கும் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது, தெரியுமல்லவா? முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திரும்பி வருவோம் என்று ஆசை காட்டக் கூடாது. செமஸ்டர் முடிந்தது. அடுத்த செமஸ்டருக்கு என்னைப் புளியந்தோப்பில் போட்டார்கள், ஜெரால்டை அம்பத்தூரில். பஸ் ஸ்டாப்புக்கு வேறு யாரையும் அனுப்பவில்லை. இலக்கு நிறைவேறியது என்று நாங்களே ரிப்போர்ட்டில் எழுதியிருந்தோமே, அப்புறம் எதற்கு ஆள்?

வைவாவில் வெளியிலிருந்து வந்த பரீட்சைக்காரர் என் பங்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை சார், எல்லாம் தேசம்மா என்கிற மக்கள் தலைவர்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம் பஸ் ஸ்டாப்பில் எங்களுக்கு விருந்து. வஞ்சிரம் வறுத்திருந்தார்கள். விற்பதற்கு மட்டுமே எடுக்கிற மீன், அவர்கள் வீட்டுச் சட்டியில் அது விழுந்ததே கிடையாது. ஜெரால்டு கை கழுவுகிற சாக்கில் தள்ளிப் போய் அழுதான். நான் அங்கேயே அழுதேன். தேசம்மா அக்கா மீன் கையின் புறங்கையால் என் கன்னத்தைத் துடைத்தார். "அழுவாத கண்ணு. பரீட்ச நல்லா எழுது. பில்டிங்கு வந்தா நானே போனு போடறேன்."

குலுக்கல்

சொன்னபடியே போன் போட்டார். நான் அதற்குள் அண்ணா நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லீவு போட்டுவிட்டுப் போய் பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் கட்டடத்தையே காணோம். விசாரித்துக்கொண்டு போனேன். சந்துக்குள் நுழைந்து, டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, இன்னொரு சந்தில் திரும்பி, பழைய கோடவுனுக்குப் பின்னால், கால்வாய் ஓரம். வெள்ளை டைல்ஸ் பளபளவென்று இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. கேட்டுக்குப் புது பெயின்ட். காலி இடம் அங்கேதான் இருந்ததாம். கட்டினவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன், பஸ் ஸ்டாப் தெரியவில்லை. ஆனாலும் எல்லோரும் புதுப் புடவையில் நின்றார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

யாருக்கு எந்த விற்பனை மேடை என்று சண்டை வரக் கூடாதென்று எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். காலமெல்லாம் வரிசையின் வாலில் உட்கார்ந்த தேசம்மா அக்காவுக்குக் கேட்டை ஒட்டிய முதல் மேடை விழுந்தது. பஸ் கதவுக்கு எதிரே உட்கார்ந்த குணா அக்காவுக்குக் கடைசி மூலை, தண்ணீர் எல்லாம் ஓடி வந்து சேருகிற இடம். தேசம்மா அக்கா உடனே மாற்றிக் கொடுங்கள் என்றார். பதிவாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார்கள். நியாயமாகத்தான் குலுக்கினார்கள், நான் கண்ணால் பார்த்தேன். நான் பார்த்ததை அங்கே யார் கேட்டார்கள்? குணா அக்கா தன் கூடையைத் தூக்கிச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு, தோழியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உன் போட்டோ பேப்பர்ல வந்தப்பவே நெனச்சேன்."

பதில் கிடைத்துவிட்டது

ஷிஃப்ட் முடிந்து சாப்பாட்டுப் பையோடு இறங்குகிறவன் மீனுக்காக இரண்டு சந்து உள்ளே நடப்பானா? நடக்கவில்லை. பெண்கள் பழையபடி பஸ் ஸ்டாப்புக்கே கூடையோடு வந்தார்கள். முன்பும் கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து விரட்டுவார்கள்தான். "நாங்க எங்க சார் போறது?" என்று கேட்டால் விரட்ட வந்தவருக்கு அதற்குப் பதில் இருக்காது, கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டுப் போய்விடுவார். இப்போது பதில் இருந்தது. கையை நீட்டிச் சந்துப் பக்கம் காட்டினார்கள். பஸ் ஸ்டாப்பில் இங்கே மீன் விற்கக் கூடாது என்று ஒரு போர்டும் வந்துவிட்டது.

தேசம்மா அக்கா மறுபடியும் ஆபீசுக்குப் போனார். இந்தத் தடவை பின்னால் ஒருவரும் வரவில்லை. அந்த நல்ல மனுஷன் மாற்றலாகிப் போயிருந்தார். அன்று சாயங்காலம் தேசம்மா அக்கா எனக்குப் போன் செய்தார். நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். வெளியே வந்து, "எல்லாரையும் ஒண்ணா கூட்டிட்டுப் போங்கக்கா" என்று படித்த பாடத்தையே ஒப்பித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போயிருக்க வேண்டும். போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை. அன்று போனில், புது ஆபீசர் என்ன சொன்னார் என்று நான் கேட்டதற்கு, ஒத்திகையில் பழகின அதே தெளிவோடு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்: "‘நீங்க கேட்டுதானம்மா கட்டினோம், பேப்பர்ல கூட வந்துச்சே’ன்னாரு."

இறா ஷெட்டில்

போன மாதம் ஜெரால்டின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ராயபுரம் போயிருந்தேன். கோவிலிலிருந்து வெளியே வந்ததும் அவன், "தேசம்மாக்கா இங்கதான் கீது, பாக்கறியா?" என்றான். கூட்டிக்கொண்டு போனான். இறா உரிக்கிற ஷெட். நீள மேசையில் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தேசம்மா அக்காவின் விரல் நுனியெல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. மார்க்கெட் கேட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. குணா அக்கா திருவொற்றியூர்த் தெருக்களில் கூடை சுமந்து விற்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வருவது என்றைக்கோ நின்றுபோனது. தேசம்மா அக்கா அந்தப் பக்கம் போனால், "தோ, தலைவி வர்றா" என்று சத்தமாகவே சொல்வார்களாம். அதனால் போவதில்லை. இதையெல்லாம் ஜெரால்டுதான் வழியில் சொன்னான்.

அவர் என்னிடம் கல்யாணம் ஆயிற்றா, அப்பா எப்படி இருக்கிறார், ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்றுதான் கேட்டார். எத்தனையோ நாளாக மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. "என் மேல கோவமாக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, என் துப்பட்டாவைச் சரி செய்துவிட்டார். "உம் மேல இன்னாத்துக்குக் கோவம்? உன்ன அங்க யாருக்குத் தெரியும்? என்னத்தான கண்ணு எல்லாருக்கும் தெரியும்."

மக்களுக்குள் தலைவரை உருவாக்குதல் என்கிற அந்தப் பேப்பரில், வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க்.